சமத்துப் பிள்ளை

'சமத்து' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். யாராவது தங்கள் குழந்தையை அப்படிக் கொஞ்சினால், கிட்டே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். பச்சிளம் குழந்தைகளுக்கான ஐ.சி.யு.வில் டாக்டராக இருப்பதில் ஒட்டிக்கொண்ட வியாதி இது.

கரையான்சாவடிப் பக்கம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் வென்டிலேட்டரில் இருந்தான். குறைமாதப் பிள்ளை. அவன் அம்மா திருநின்றவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். ஆரம்பத்தில் அவன் பெரிய ரௌடி. வாய்க்குழாயைப் பிடித்து இழுப்பான், உதைப்பான். குழாய் இருப்பதால் அழுதால் சத்தம் வராது, முகம் மட்டும் சிவக்கும். அதைப் பார்த்து அவளும் அழுவாள்.

ஒரு காலை அவள் சிரித்த முகமாக இருந்தாள்.

"இன்னிக்கு சமத்தா கீறான் டாக்டரம்மா. கொழாய இழுக்கவே இல்ல. நல்லா தூங்கினு கீறான்."

மானிட்டரில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. இருக்காதா பின்னே? மூச்சு விடுவது மெஷின்தானே. ரத்தத்தில் கிருமி ஏறினால் இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூட வராமல் போகலாம். மூச்சு விட்டு விட்டு வந்தால் கண்டுபிடிக்கலாம், அதையும் மெஷின் மூடி மறைத்துவிடும். எனக்கு அந்த எண்கள் மேல் எரிச்சலாக வந்தது.

அவன் சாக்ஸைக் கழற்றினேன். உள்ளங்காலில் திருட்டுத்தனமாக வைத்த ஒரு திருஷ்டிப் பொட்டு. திட்டப்போகிறேன் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பொட்டைப் பார்க்கவில்லை. கால் ஜில்லென்று இருந்தது. நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தேன், வெளுத்த இடம் சிவக்க நேரம் பிடித்தது, ரத்தம் சரியாக ஓடவில்லை. வயிறும் லேசாக உப்பியிருந்தது.

கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தோம். அதன் முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருந்தால் பிள்ளை இருக்காது. உடனே ஆன்டிபயாடிக் போடச் சொன்னேன்.

"மை வெச்சதாலயா டாக்டரம்மா?"

"இல்லம்மா, பொட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவள் நம்பவில்லை. முந்தானை நுனியால் அந்தக் காலைத் துடைக்கப் போனாள், நர்ஸ் தடுத்துவிட்டாள். மத்தியானம் அவனுக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. அவசரமாகப் பார்த்த முதல் ரத்தப் பரிசோதனை சாதாரணம் என்று வந்தும் மருந்தை நான் நிறுத்தவில்லை. அன்றும் மறுநாளும் அவன் விரலைக்கூட அசைக்கவில்லை. கல்ச்சரில் கிருமி வளர்ந்திருப்பதாக லேபிலிருந்து போன் வந்தபோது, சரியாகக் கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷம் துளியும் இல்லை. பயம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலை, நான் உள்ளே நுழைவதற்குள் அவள் பதறி ஓடிவந்தாள்.

"கொழாயப் புட்ச்சி இழுக்கிறான் டாக்டரம்மா, ஒதைக்கிறான். அடங்கவே மாட்டேன்றான். எதுனா ஆயிடுச்சா?"

"அடங்க வேணாம்மா," என்றேன். உள்ளே போய் அவன் காலைத் தொட்டேன், கதகதப்பாக இருந்தது, என் கையை உதைத்தது.