ஆயாம்மாவின் வரலாற்றுக்கு நான் போட்ட டிக்

பிள்ளைகளின் நோட்டைப் படிக்காமலே திருத்துவதில் நான் கில்லாடி. பேனாவை மேலிருந்து கீழே இறக்கினால் பக்கத்துக்கு நாலு டிக், அடியில் ஒரு ஸ்டார், கூடவே 'மிக நன்று'. ஒரு டீ ஆறுவதற்குள் முப்பது நோட்டை முடித்துவிடுவேன். இதைத் திறமை என்று ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்ட ஆசாமி நான். அந்தத் திறமையின் லட்சணம் மூன்று வருடங்களுக்கு முன்பு, தாம்பரத்தில் நான் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் பள்ளியில், ஒரு சனிக்கிழமை காலை தெரியவந்தது.

வாழ்க்கை வரலாறு எழுதி வரச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஸ்டேஷனரி கடையில் தலைவர் படம் வாங்குவார்கள். படத்தின் பின்னாலேயே அவர் பிறந்தது, படித்தது, மறைந்தது எல்லாம் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதிப் படத்தை ஒட்டினால் வேலை முடிந்தது. ஒரே தலைவர் என் வகுப்பில் பதினான்கு முறை பிறந்து பதினான்கு முறை மறைவார். எனக்கு அலுத்துப்போய், "தலைவர்களுக்குக் கொஞ்சம் லீவு குடுங்கப்பா. தினமும் பாக்கிற ஒருத்தரப் பத்தி, அவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க" என்றேன். பத்துக் கேள்விகளையும் நானே போர்டில் எழுதிப் போட்டேன். எங்கே பிறந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எத்தனை பிள்ளைகளைப் பெற்றீர்கள் என்று போகும் அந்தப் பட்டியல்.

ஒரு சிறுமி எங்கள் பள்ளி ஆயாம்மாவைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பைப் பெருக்குவதிலிருந்து, வாந்தியெடுத்த பிள்ளையின் சட்டையை அலசிக் காயவைப்பது வரை எல்லாம் ஆயாம்மாதான். "சாவி எங்கே?" என்பதைத் தவிர அவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. நான்கு நாள் மதிய இடைவேளையில் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நான் என் வழக்கப்படி பேனாவை இறக்கினேன். டிக், டிக், டிக், டிக். ஸ்டார்.

பெற்றோருக்கான கண்காட்சியில் அதை நடுவில் ஒட்டியதும் நான்தான். ஆயாம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால், "உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க ஆயாம்மா, படிச்சுக் காட்டட்டும்" என்று வற்புறுத்தினேன்.

"என்னப் பத்தி எழுதுறதுக்கு இன்னா சார் கீது?" என்று சிரித்தார். ஆனாலும் சனிக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு, மகளோடு வந்து நின்றார். மகள் பல்லாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும்.

அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு போனில் வீடியோ எடுத்தேன். ஆயாம்மா பிறந்த ஊர், சித்தாள் வேலை, கணவர் இறந்தது, பள்ளியில் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆயாம்மா தலையாட்டினார். இரண்டாவது பக்கத்தில் அவள் குரல் நின்றது. எழுத்து புரியவில்லையோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் முதன்முதலாக அதைப் படித்தேன்.

'ஆயாம்மா பிள்ளை பெறவில்லை. அவர் தங்கை பிரசவத்தில் இறந்துவிட்டார். அந்தக் குழந்தையைத் தன் குழந்தை என்று சொல்லி வளர்த்தார். இது இப்போது பெரியவளாகிவிட்ட அந்த அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் தன்னை விட்டுப் போய்விடுமோ என்று ஆயாம்மாவுக்குப் பயம்.'

ஓரத்தில் என் சிவப்பு டிக், பளிச்சென்று.

நான் போனைக் கீழே இறக்கினேன். ஆயாம்மா, "இன்னாடி நிறுத்திட்ட? படி" என்றார்.

மகள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தாள்: "ஆயாம்மாவுக்கு ஒரே பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு அம்மான்னா உசுரு. அம்மாவ வுட்டு எங்கயும் போவாது."

அப்படி ஒரு வரி அந்தத் தாளில் இல்லை.

"இத்த நான் சொல்லவே இல்லியே! பாப்பாவே எழுதிகிச்சா?" என்று ஆயாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. பாப்பாவே எழுதிச்சு."

ஆயாம்மா பெற்றோர்களுக்கு டீ எடுத்து வரப் போனதும் நான் அந்த இரண்டு பக்கத்தையும் பிய்த்தெடுத்தேன். மகள் கை நீட்டி வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மா கேட்டா, போட்டிக்கு அனுப்பிட்டோம்னு சொல்லிடுங்க சார்" என்றாள். அப்படியே சொன்னேன்.

திங்கட்கிழமை அந்தச் சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆயாம்மா இதை யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். நான் யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு எழுதித்தான் குடுத்தேன்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒருவருடைய ரகசியத்தை அவள் என்னிடம் மட்டும்தான் கொடுத்தாள். சுவரில் ஒட்டியது நான். ஆயாம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "அந்தப் பாப்பா இன்னா சோக்கா எழுதிச்சி சார்" என்பார். நானும் தலையாட்டுவேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன். யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவரிடமே வாசித்துக் காட்டி, "ஒட்டலாமா?" என்று கேட்ட பிறகுதான் சுவருக்குப் போகும். ஒரு மனுஷனின் வாழ்க்கை, பிள்ளை கையெழுத்தில் இருந்தாலும் அவனுடையதுதான் என்பதை நாற்பத்தைந்து வயதில் ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஆயாம்மாவின் மகள் அத்தனை சரளமாக அந்த வரியை மாற்றிப் படித்தாளே, அவளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கும். நான் எதையும் உடைத்துவிடவில்லை. இந்த நினைப்பில்தான் மூன்று வருடம் நிம்மதியாகத் தூங்கினேன். போன மாதம் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் அவளைப் பார்த்தேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கி, "அந்த விஷயம் உனக்கு முன்னாடியே தெரியும்தானேம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அன்னிக்குத்தான் சார் தெரியும்."