ரேகை விழாத கட்டைவிரல்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தரும் கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் பம்பரம். பதினெட்டு வருஷமாக இஸ்திரி போடுகிறாள். கால் ஓரிடத்தில் தரித்ததில்லை. ஆறு மணிக்கு வருவாள், இரண்டுக்குக் கிளம்பி ஓடுவாள். வீட்டு வாசலில் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருப்பான். மூன்று மணி பஸ்ஸை அவன்தான் ஓட்ட வேண்டும். வீட்டில் மாமனாருக்கு ஞாபகம் மங்கிவிட்டது. போன தடவை தனியாக விட்டபோது ரயில் பாதையோரம் கண்டுபிடித்தார்கள்.

அப்போதுதான் புது ஒப்பந்தம் வந்தது: இனி எந்த நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும். கையெழுத்துகூடக் கேட்கவில்லை. வருகை மெஷினில் விரல் வைத்தால் ‘ஏற்கிறேன்’ என்று விழும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறவன்கூட அதன் முகத்தைப் பார்த்துத்தான் போடுவான்.

“எதிர்த்து ஒரு வரி எழுதாம வேலை பாத்தா, ஒத்துக்கிட்டதாத்தான் சொல்லுவாங்க,” என்று புருஷன் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் எல்லாரும் விரல் வைத்தார்கள். சூட்டில் தேய்ந்து ரேகையே இல்லாத விரல் அவளுடையது. மெஷின் வழக்கம்போல் அவளைத் தெரியாது என்றது. கையெழுத்துப் போட்டு வருகையைப் பதிய அவளுக்காகவே ஒரு நோட்டு உண்டு. பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கையெழுத்தின் பக்கத்தில் எழுதினாள்: ‘வேலைக்கு வந்தேன். புது நேரத்துக்குச் சம்மதமில்லை.’

“என்னம்மா, நோட்டுல கதை எழுதுறீங்க?” என்றார் மேனேஜர்.

“சேரும்போது குடுத்த பேப்பர்ல ஆறுலேர்ந்து ரெண்டுனு இருக்கு சார். மாத்தணும்னா என்னைக் கேட்டு மாத்துங்க.”

“எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான்.”

அந்த ‘ஒருத்தர்தான்’ முள்ளாகக் குத்தியது. துணி மடிக்கிற தோழி வேறு, “ஊரோட ஒத்துப் போ, பம்பரம்,” என்றாள். பம்பரம் தினமும் எழுதினாள். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள்: திங்கள் முதல் அவளுக்கும் தோழிக்கும் மதியம் இரண்டு முதல் இரவு பத்து. தோழியின் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவது மூன்று மணிக்கு.

சனிக்கிழமை தோழி மெஷினில் விரல் வைத்தாள். தெரியாது என்றது.

“எனக்கும் ரேகை விழல சார். நோட்டைக் குடுங்க.”

அவள் கட்டைவிரலில் கஞ்சிப்பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பின்னால் நின்ற பதினோரு பேரும் மெஷினைத் தொடாமல் கையை முதுகுக்குப் பின் மறைத்தார்கள். வெளியே மருத்துவமனை வண்டி ஹாரன் அடித்தது. ஒரு விரிப்புகூடத் தயாராகவில்லை. மேனேஜர் வரிசையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், நோட்டை நீட்டினார்.

“என்ன எழுதினே? மெதுவா சொல்லு,” என்றாள் தோழி.

பம்பரம் ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.