ஏழு பிரிவுக்கும் ஒரே செய்தி

துஷாந்தினிக்கு எதையும் வீணாக்கினால் பொறுக்காது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீட்டில், கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்? அந்த வீட்டில் மாவுப் பை தலையணை உறையாகும், உறை கிழிந்தால் கரித்துணியாகும், மீந்த சோறு காலையில் தண்ணீர்ச் சோறாகும். இவர்களுக்குக் குப்பைக்கூடை எதற்கு என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள்.

இந்தக் குணத்தையும் சுமந்துகொண்டுதான் பதுளையில் ஸியாம் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருடம் அவளுடைய தோட்டத்துக்கே ஒரு செயலி செய்தார்கள். மழையளவு எல்லை தாண்டினால் ஏழு பிரிவுகளின் கைப்பேசிகளுக்கும் மண்சரிவு எச்சரிக்கை போகவேண்டும். மீரியபெத்தவில் மண்சரிந்து லயங்களையே மூடிய பிறகு, மழை பெய்தால் அந்த மலைகளில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆகவே இது விளையாட்டு வேலை இல்லை. ‘இன்ன பிரிவு மக்கள் உடனே பாடசாலைக்குப் போகவும்’ என்று, பிரிவின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு ஒரு வாசகம் எழுதினாள்.

முதலில் அதை ஜாவா நிரல்மொழியின் சாதாரண ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாகத்தான் வைத்திருந்தாள். ஸ்ட்ரிங் பிறந்தபடியே இருக்கும், அதில் யாரும் கைவைக்க முடியாது. பெயரைப் போடச் சொன்னால் மூலத்தைத் தொடாமல் புதிதாக இன்னொன்றைச் செய்து கொடுக்கும். ஏழு பிரிவுக்கு ஏழு புதுச் செய்தி, அனுப்பியதும் ஏழும் குப்பை. அட, இதென்ன ஊதாரித்தனம் என்று அவளுக்கு மனம் கேட்கவில்லை. வாசகத்தை ஸ்ட்ரிங் பில்டருக்கு மாற்றினாள். அது இருந்த இடத்திலேயே தன்னைத் திருத்திக்கொள்ளும், நகலே வேண்டாம். ஏழு செய்திக்கு இந்தச் சிக்கனம் எதற்குத் தங்கச்சி என்று ஸியாம் சிரித்தார். பட்டியலில் முதலாவதாக இருந்த மேற்பிரிவுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார்கள், சரியாகப் போனது. அத்தோடு விட்டார்களே, அதுதான் வினை. சிரித்தவருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

கார்த்திகை மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அளவு எல்லை தாண்டியது. செயலி தானாகவே ஏழு செய்திகளை அனுப்பியது. துஷாந்தினி அம்மாவை அழைத்து, பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டாள்.

“நமக்கு இல்ல புள்ள, மேற்பிரிவைத்தான் போகச் சொல்லி வந்திருக்கு. பாவம், பச்சப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு அதுங்க என்ன பண்ணும்? அதுங்களுக்குத்தான் சோறு வச்சிருக்கேன்.”

துஷாந்தினிக்குச் செயலியைத் திறந்து பார்க்காமலே புரிந்துவிட்டது. தோட்டத்து ஆபீசில் இருக்கும் ஒரே படிவத்தை நகல் எடுக்காமல், முதல் ஆளே அதில் பேனாவால் பெயர் எழுதிவிட்டால் அடுத்த ஆள் எங்கே எழுதுவது? மேற்பிரிவின் பெயர் மூல வாசகத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. மற்ற ஆறு பெயர்களுக்கும் இடமே இல்லாமல், எல்லாருக்கும் அதே செய்திதான் போயிருக்கிறது.

“அம்மா, அது நான் விட்ட பிழை. போகச் சொன்னது உங்களையுந்தான். அடுப்ப அப்படியே போட்டுட்டு, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போ.”

“அரிசி இப்பத்தான் கொதிக்குது” என்றாள் விஜயலெட்சுமி. பிறகு போனை வைத்துவிட்டாள்.

ஸியாம் மற்ற ஆறு பிரிவுகளுக்கும் செய்தியை ஒவ்வொன்றாகக் கையால் தட்டி அனுப்பினார். இப்போது அவர் சிரிக்கவில்லை. விஜயலெட்சுமி கதவு கதவாகத் தட்டி, பிழை விட்டது தன் மகள்தான் என்று வெட்கப்படாமல் சொல்லி, லயத்தின் பதினெட்டுக் குடும்பங்களையும் கிளப்பினாள். பகல் பன்னிரண்டரைக்குப் பின்பக்கத்து மண்மேடு சரிந்து நாலு வீட்டுக் குசினிகளை அடுப்போடு மூடியது. அதில் ஒன்று அவளுடையது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் பாடசாலையில் அம்மாவைக் கண்டதும் துஷாந்தினி அழுதுவிட்டாள். சிக்கனம் பிடிக்கப் போய்த்தான் இப்படியாயிற்று என்றும், வாசகத்தைப் பழையபடி மாற்றிவிட்டதாகவும், இனி ஒவ்வொரு தடவையும் ஏழு புதுச் செய்தி உண்டாகி ஏழும் வீணாகத்தான் போகும் என்றும் சொன்னாள். விஜயலெட்சுமி மகளின் நனைந்த தலையை முந்தானையால் துவட்டினாள்.

“ரெண்டு கொத்து அரிசிய அடுப்புலேயே விட்டுட்டு வந்தேன் புள்ள. வீணாப் போனா போகட்டும்.”