பன்னிரண்டு உயிரும் ஓர் அக்கன்னாவும்

எங்கள் வீட்டு கிரில் கதவின் பூட்டுக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இன்னொன்று சாமி மேடையில், திருநீற்றுக் கிண்ணத்துக்கு அடியில் கிடக்கும். "தீப்பிடிச்சா மட்டும் எடு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கிரில்லை வெளிப்பக்கமாகப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, அப்பா துறைமுகத்துக்குக் கிளம்புவார். நான் ஜன்னலோரம் நின்று அந்தப் பூட்டை முறைத்துக்கொண்டிருப்பேன்.

கிள்ளானில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த கதை இது. காரணம் என் அக்கா. லோரி ஓட்டும் ஒருவரை அப்பாவைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். நல்ல மனிதர். "நம்ம ஆளுங்க இல்லை," என்றார் அப்பா. கடல் தாண்டி வந்தபோது எதை எதையோ தொலைத்தவர்கள், சாதியை மட்டும் துணி மூட்டைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். அவள் போன வாரமே என் படிப்பும் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தவணைப் பாடங்கள் மட்டும்தான் பாக்கி. "ஒருத்தி படிச்சுக் கிழிச்சது போதும்," என்றார் அப்பா. செய்தது அவள், மாட்டிக்கொண்டது நான். அக்காவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அவள் இல்லாத வீட்டில் மூச்சு முட்டியதும் உண்மை.

அவள் பேச்சை எடுக்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. பேரை மட்டுமல்ல, அக்கா என்ற சொல்லையே நாங்கள் விழுங்கிவிட்டோம். நம் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள், தெரியும். மீன் கொண்டுவரும் அக்கா "மீன்காரம்மா" ஆனாள். பக்கத்து வீட்டு அக்காவை அம்மா "இந்தாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்து, கொஞ்ச நாளில் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

அண்ணன் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு வாரக் கடைசியில் வருவான். பழைய கணினி ஒன்றை யாரிடமோ வாங்கி வீட்டில் வைத்திருந்தான். எனக்கு வெளியுலகம் என்பது அதுவும் அவனும்தான். ஒருநாள் பின்கட்டில் துணி காயப்போடும்போது என்னிடம் இரண்டு சேதி சொன்னான்.

"உங்க சார பார்த்தேன். கிளாசுக்கு வராட்டியும் பரவால்லயாம். ஏதாவது ஒரு புரோகிராம் எழுதி, நீயே நேர்ல வந்து ஓட்டிக் காட்டிட்டா சர்டிபிகேட் குடுப்பாராம். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமைக்குள்ள."

"என்னத்த எழுதறது?"

"புதுசா ஒண்ணும் யோசிக்க வேணாமாம். பழசு ஒண்ண எடுத்து நல்லா திரும்பச் செஞ்சா போதுமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவ பிரிக்பீல்ட்ஸ்லதான் இருக்கா. உன் கிளாசுக்குப் பின்னால உள்ள சந்து. மாசமா இருக்கா. சோறே இறங்கலையாம். அம்மாகிட்ட மூச்சு விடாத. அம்மா மூஞ்சியப் பார்த்தே அப்பா கண்டுபிடிச்சிடுவாரு. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். 

திரும்பச் செய்ய வேண்டிய பழசு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்பதுகளின் நடுவில், கப்பல்காரர் ஒருவரிடமிருந்து அப்பா ஒரு குட்டிக் கணினியை வாங்கிவந்தார். ஆமாம், அதே அப்பாதான். ரப்பர் அழிப்பான் போன்ற பொத்தான்கள், தொலைக்காட்சியில் சொருக ஒரு ஒயர், கூடவே ஒரு கேசட். கேசட்டைப் போட்டால் கீச்சென்று கத்தும். கத்தி முடிந்து, மனசிருந்தால் ஆட்டம் வரும். இல்லாவிட்டால் முதலிலிருந்து கத்தவிட வேண்டும். ஆட்டம் இதுதான்: தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன் பழைய பங்களா ஒன்றில் மாட்டிக்கொண்டான். அறை அறையாகத் தாவி, சாவிகளைப் பொறுக்கி, வெளியே வர வேண்டும். அக்கா இடம் வலம் நகர்த்துவாள், தாவும் பொத்தான் என் பொறுப்பு. "எகிறுடி, எகிறுடி" என்று என் தொடையில் அடிப்பாள். நான் ஒரு கணம் தவறினால் ஆள் காலி. "செத்துட்டோம்" என்று கத்துவோம். விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்று அம்மா திட்டியதால், மலாயில் "மாத்தி" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். மலாயில் செத்தால் தோஷமில்லை.

நாங்கள் கடைசிவரை தாண்டாத ஓர் அறை இருந்தது. கிணற்று அறை. மேல் அறையிலிருந்து தவறி அதற்குள் விழுந்தால் உயிர் போகும். அடுத்த உயிரோடு அவனை அந்தரத்தில், அதே இடத்தில்தான் கொண்டுவந்து போடுவார்கள். திரும்பவும் விழுவான். விழுந்து விழுந்து மூன்று உயிரும் போய்விடும், நாம் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. அது செய்தவர்களின் பிழை என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது நாங்கள் எங்கள் விரல்களைத்தான் குறை சொல்லிக்கொண்டோம்.

அந்த ஆட்டத்தை நினைவிலிருந்தே மறுபடி எழுத ஆரம்பித்தேன். அப்பா பூட்டிவிட்டுப் போனதும் உட்கார்ந்தால் அவர் வரும்வரை எழுவதில்லை. பழைய ஆட்டத்தில் ஆள் வெறும் எட்டுப் புள்ளி அகலம்; புதிய கணினியில் அவனுக்கு மீசை வைக்கவே இடம் இருந்தது. மாடிப்படி, சரவிளக்கு, பங்களாவின் விரிசல் சுவர் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்தேன். வெளியே போகும் கதவுக்கு மேல் மட்டும், நம் சினிமாக் கொட்டகைகளில் இருப்பதுபோல, பச்சையில் 'கெளுவார்' என்று மலாயில் எழுதிவைத்தேன். அடைபட்டவள் கட்டிய வீடு என்பதால் எல்லா அறையும் தத்ரூபமாக வந்தது.

காய் நறுக்கிக்கொண்டே அம்மா பக்கத்தில் வந்து உட்காருவாள். கேரி தீவில், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவள். ஒருநாள் திரையைக் காட்டி, "இவனுக்கு எத்தனை உயிருடி?" என்றாள்.

"நீங்க சொல்லுங்க."

"உயிரு பன்னெண்டுன்னுதானே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அது மனத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய ஆட்டத்தில் உயிர்களைக் காட்டிய மூன்று குட்டித் தொப்பிகளை எடுத்துவிட்டு, திரையின் மேற்பக்கம் அ முதல் ஔ வரை வரிசையாக வைத்தேன். ஒரு சாவுக்கு ஓர் எழுத்து மறையும். ஔ கட்டத்துக்குள் அடங்காமல் என் உயிரை வாங்கியது. அம்மாவுக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எதுடி தாவுற பொத்தான்?" என்று கேட்டாள். அதன்பிறகு பல நாள் குழம்பு அடிப்பிடித்தது.

ஆட்டம் தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை நெருங்கியது. "ஒரே ஒரு நாளும்மா, அந்தச் சாவியை எடுத்துக் குடுங்க," என்று கெஞ்சினேன்.

"தீப்பிடிச்சா மட்டும்னு சாமிகிட்ட வச்சிட்டுப் போறாரு. நான் எப்படி எடுக்கிறது?"

"அப்ப நான் இப்படியே கிடந்து சாகணுமா?"

"நானும்தானே உள்ள கிடக்கேன்," என்றாள் அம்மா, சாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. அவளும் பூட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்பது இத்தனை நாளும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. சாவியை நானே எடுத்திருக்கலாம், கை எட்டும் தூரம்தான். எடுத்தால் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. அப்பா பூட்டிவிட்டுப் போனார். எல்லாம் முடிந்தது என்ற வெறுப்பில் ஆட்டத்தைப் போட்டேன். அம்மா தாவும் பொத்தானுக்கு வந்து உட்கார்ந்தாள். நான் நகர்த்த, அவள் தாவ, நன்றாகத்தான் போனது. பிறகு அம்மா ஒரு கணம் பிந்தினாள், ஆள் கிணற்று அறைக்குள் விழுந்தான். அந்தப் பிழையை நான் திருத்தவில்லை. பழையதை அப்படியே செய்ய வேண்டும் என்ற வீம்பு. ஆள் விழுந்தான், அந்தரத்தில் வந்தான், திரும்ப விழுந்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அம்மா தோட்டப் பள்ளி ராகத்தில் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா...

"என்னடி அநியாயம் இது? விழுந்த இடத்துலயே திரும்பத் திரும்பக் கொண்டாந்து போட்டா அவன் எப்படிப் பொழைப்பான்? கடைசியா கால் ஊன்றி நின்னான் பாரு, அங்க கொண்டு போய் விட வேண்டியதுதானே?"

"பழசு அப்படித்தான்மா."

"பழசாம் பழசு."

ஓனா, ஓவன்னா, ஔவன்னா. வரிசை காலியானது. அம்மா வெறும் திரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அக்கன்னா எங்கடி?"

மூன்று புள்ளி வைத்த அந்தக் கடைசி எழுத்தைத்தான் கேட்டாள். பள்ளியில் ஔவன்னாவோடு யாரும் நிறுத்துவதில்லை, அக்கன்னா சொன்னால்தான் வரிசை முடியும். மின்விசிறிச் சத்தத்தில் நடுவில் இருந்த 'ன்ன' என் காதில் விழவில்லை. மாதக்கணக்கில் அந்த வீட்டில் ஒலிக்காத சொல்தான் என் காதில் விழுந்தது. அக்கா எங்கடி?

"பிரிக்பீல்ட்ஸ்லதான்மா," என்றேன். "மாசமா இருக்கா. சோறே இறங்கலையாம்."

சொன்ன பிறகுதான் அம்மாவின் கை திரையில் அந்தக் காலி இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கை அப்படியே நின்றது. சத்தியம் போச்சு, அண்ணன் என்னைக் கொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அம்மா அழவில்லை. எழுந்து சாமி மேடைக்குப் போனாள். திருநீற்றுக் கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது.

"சீலை மாத்திக்கிட்டு வரேன்," என்றாள். "உன் கம்ப்யூட்டர் தட்டையும் எடுத்துக்க. இன்னிக்குத்தானே உனக்குக் கடைசி நாளு?"

அவள் சேலை கட்டி, மாங்காய் ஊறுகாயைப் புட்டியில் அடைத்து முடிப்பதற்குள் நான் கணினியில் மூன்று புள்ளிகள் வைத்தேன். அவ்வளவு சுலபமான எழுத்தை என் வாழ்நாளில் வரைந்ததில்லை. பன்னிரண்டு உயிரும் போன பிறகு ஃ ஒன்று வரும். அது வந்தால், ஆள் கடைசியாகக் கால் ஊன்றி நின்ற இடத்துக்குத் திரும்பிவிடுவான். வீம்பாவது ஒன்றாவது. ஆட்டத்தை டிஸ்கெட்டில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கம்பிக்கு நடுவில் கையை விட்டு அம்மா பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அவள் ஊறுகாய்ப் புட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சந்தைக் கண்டுபிடித்து மாடியேறினோம். கதவைத் திறந்த அக்கா எங்களைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இப்படி எளைச்சுட்ட," என்றாள் அம்மா. அதற்குமேல் இரண்டு பேராலும் முடியவில்லை. நான் மட்டும் கல்லா, நானும்தான் அழுதேன். கொஞ்சம் தெளிந்தபிறகு அக்கா என் கையில் இருந்த டிஸ்கெட்டைப் பார்த்தாள். என்னவென்று சொன்னேன்.

"கிணத்தைத் தாண்டிட்டியா?" என்றாள்.

"நான் தாண்டல. அம்மா தாண்டிட்டாங்க."

அம்மாவை ஊறுகாயோடும் அக்காவோடும் விட்டுவிட்டு வகுப்புக்குப் போய் ஆட்டத்தை ஓட்டிக் காட்டினேன். சார் யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். எழுத்து வரிசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்த மூன்று புள்ளி என்ன என்று கேட்டார். "அக்கன்னா சார்," என்றேன். சர்டிபிகேட் கிடைத்தது.

நாங்கள் திரும்புவதற்குள் அப்பா வந்துவிட்டார். திறந்து கிடந்த கிரில்லுக்கு முன்னால், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் போடுவார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். சத்தம் போடவில்லை.

"தீப்பிடிச்சுச்சா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றாள் அம்மா.

அப்பா திரும்பி அடுக்களைப் பக்கம் பார்த்தார். "எங்க?"

"பெத்த வயித்துல. இன்னும் எரியுது. பூட்டுறதுன்னா என்னைய வெளிய விட்டுட்டுப் பூட்டுங்க."

அம்மா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். அப்பா கையில் இருந்த பூட்டைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா உள்ளே வர வழிவிட்டு நகர்ந்து நின்றார்.