எம்.ஆர்.ஐ. எடுக்கத் தஞ்சாவூர் போனேன், எடுக்காமல் வந்தேன்

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எந்த ஊர்க் கடையில் காலை ஏழு மணிக்கே பொங்கல் தீர்ந்துவிடும் என்பது மாதிரியான சமாச்சாரங்கள். படிக்கிறவர்கள் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். இந்த முறை போனது கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூர் போனேன். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து தனியாக ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். துணையோடு போகிறவர்களும் படிக்கலாம், தடையில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே என் இடது கை மரத்துப் போய்க்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆனது. கழுத்தில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும், தள்ளிப் போட்டால் கை விளங்காமல் போகலாம் என்று திருத்துறைப்பூண்டி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் மனைவி வசந்தா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் சுகன்யா மெல்போர்னில் இருக்கிறாள். அங்கிருந்தபடியே தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கி, பணம் கட்டி, அவர்கள் அனுப்பிய படிவத்தையும் நிரப்பிவிட்டாள். என் வேலை பேருந்து ஏறுவது மட்டும்தான்.

எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் 5.50க்கு. திருத்துறைப்பூண்டி நிலையத்தில் 6.30க்குத் தஞ்சாவூர் வண்டி கிடைத்தது. மன்னார்குடி, வடுவூர் வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் அறுபது ரூபாய். நிலையத்துக் கடையில் இட்லி ஆவி பறந்தது. ஸ்கேன் என்றாலே வெறும் வயிறு என்று யார் என் தலையில் ஏற்றினார்களோ, முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இட்லியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சம்பா அறுப்பு முடியும் நேரம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். மன்னார்குடி தாண்டி, அறுவடை மிஷின் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. அது நகராமல் நாங்களும் நகர முடியாது. இருபது நிமிடம் நின்றோம். அந்த இருபது நிமிடத்தில்தான் சுகன்யா நிரப்பிய படிவத்தைப் போனில் எடுத்து முதல் தடவையாக முழுசாகப் படித்தேன்.

ஏழாவது கேள்வி. உலோகத்தை அறுப்பது, தேய்ப்பது, வெல்டிங் போன்ற வேலை எப்போதாவது செய்ததுண்டா? கண்ணில் உலோகத் துகள் பட்டதுண்டா? இரண்டுக்கும் 'இல்லை' என்று போட்டிருந்தாள். தொழில் என்ற இடத்தில், 'ஓய்வு பெற்ற ஸ்டோர் சூப்பர்வைசர், வெளிநாடு'.

அவள் பொய் எழுதவில்லை. பொய் சொன்னது நான். வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பத்தொன்பது வருடம், இரும்பைத் தேய்க்கிற கிரைண்டர் பிடித்தவன் நான். கல்யாணம் பேசும்போது தரகர் ஸ்டோர் சூப்பர்வைசர் என்று ஒரு போடு போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எந்த வருடம் திறப்பது? லீவில் வரும்போது என் பனியன்களைத் துவைக்கிற வசந்தா, அதில் பொறி பட்டு விழுந்த பொட்டுப் பொட்டு ஓட்டைகளைப் பார்த்து, "ஸ்டோர்ல கரப்பான்பூச்சி ஜாஸ்தியோ?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. புரிந்துதான் கேட்காமல் இருந்தாளா என்பதை இனி யாரிடம் கேட்பது?

கண்ணில் பட்டதும் உண்டு. வேலைக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, மாற்றிக் கேட்கச் சோம்பல். இடது கண்ணில் சுருக்கென்று ஏதோ ஏறியது. கேம்ப் கிளினிக்கில் கழுவி, மருந்து விட்டு, போய்விட்டது என்றார்கள். நானும் நம்பினேன். வெயில் ஏறினால் இன்றைக்கும் அந்தக் கண்ணில் மட்டும் தண்ணீர் வரும். முன்னால் நின்ற லாரி நகர்ந்தபோது நான் இன்னும் ஏழாவது கேள்வியிலேயே இருந்தேன்.

9.05க்குப் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து மருத்துவக் கல்லூரி சாலைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஸ்கேனுக்கா சார்? கூட யாரும் வரலையா?"

"வரல."

"அங்க கேப்பாங்களே."

கேட்டார்கள். ஸ்கேன் சென்டர் வரவேற்பில் முதல் கேள்வியே, "அட்டெண்டர் யாரு சார்?" என்பதுதான். மகள் போனில் இருக்கிறாள் என்றேன். அந்தப் பெண் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். காத்திருக்கும் இடத்தில் இருபது பேர் என்றால், நோயாளிகள் ஏழு பேர்தான் இருப்பார்கள். மீதி எல்லாம் கூட வந்தவர்கள். பக்கத்தில் குடவாசலிலிருந்து வந்த ஒரு அம்மா கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மருமகள் கையில் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணினேன், ஒன்பது. எதிரே ஒருவர் வயிற்று அல்ட்ராசவுண்டுக்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தார். அவர் மனைவி, "இன்னும் அஞ்சு நிமிஷம், பொறுத்துக்கங்க," என்று முதுகைத் தடவினார். எனக்குப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, பொறாமைதான்.

9.50க்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் பெண் கூப்பிட்டாள். சுகன்யா வயதுதான் இருக்கும். சுகன்யா அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு லைனில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, படிவத்தைத் திரும்ப வாசித்தாள் இந்தப் பெண். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, ஆபரேஷனில் கிளிப், கம்பி வைத்ததுண்டா, காதில் மிஷின் உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் மெல்போர்னிலிருந்தே வந்தது.

"வெல்டிங், கிரைண்டிங் வேலை ஏதாச்சும்?"

"இல்லங்க மேடம். அப்பா ஸ்டோர் சூப்பர்வைசர். ஏசி ரூம் வேல." அதைச் சொல்லும்போது அவள் குரலில் எப்போதும் ஒரு பெருமை இருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாப்பிட்டு வந்தீங்களா சார்?"

"இல்லம்மா, வெறும் வயிறு."

"கழுத்துக்கு ஊசி மருந்து இல்லாம எடுக்கறதுக்கு யாரு சார் உங்கள பட்டினி கிடக்கச் சொன்னா?"

பிறகு உடை மாற்றும் அறை. மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட், சாவி, சில்லறை, ஏ.டி.எம். கார்டு, பல் செட். அரைஞாண் கயிற்றில் ஒரு செம்புத் தாயத்து, வசந்தா கட்டியது. முடிச்சு இறுகிப்போய், மரத்த கையால் அவிழ்க்க முடியவில்லை. கூட ஆள் இருந்தால் அவிழ்த்திருப்பார்கள். கத்தரிக்கோல் வாங்கி வெட்டினேன். கடைசியாகப் போன். சுகன்யா, "முடிஞ்சதும் கூப்பிடுங்கப்பா, பயப்படாதீங்க," என்றாள். எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன், சாவியை அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்.

ஸ்கேன் அறை வாசலில் தரையில் மஞ்சள் கோடு.

"இந்தக் கோட்டத் தாண்டுனா காந்தம் சார். மிஷின் ஓடலன்னாலும் காந்தம் இருந்துகிட்டேதான் இருக்கும். மறந்தது ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

போன் பூட்டில் இருக்கிறது. மகள் காதில் விழாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன், வீரம் எல்லாம் ஒன்றுமில்லை.

"ஏழாவது கேள்வி தப்பும்மா. நான் கிரைண்டர் புடிச்சவன். கண்ணுல பட்டிருக்கு."

அவள் என் தோளைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்துவிட்டாள். "நல்லவேள சொன்னீங்க. உள்ள இரும்பு இருந்து, அது நகர்ந்துச்சுன்னா கண்ணு போயிடும் சார்."

"எம் பொண்ணுகிட்ட இதச் சொல்ல வேண்டாம்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், நானூறு ரூபாய். அரை மணி நேரத்தில் சென்டர் டாக்டர் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். இடது கண்ணின் இருட்டுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. அரிசி நொய்யில் பாதிகூட இருக்காது. இத்தனை வருடம் எத்தனை விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றிச் சோதித்திருப்பார்கள், இது மட்டும் யாரிடமும் பிடிபடாமல் என்னோடு ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குள் இருக்கிறதா, ஒட்டினாற்போல் இருக்கிறதா என்று கண் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவரை எம்.ஆர்.ஐ. அறைப் பக்கமே போகாதீர்கள் என்றார். திருத்துறைப்பூண்டி டாக்டரிடம் போனில் கேட்டு, இப்போதைக்குக் கழுத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாடு. சுகன்யாவுக்கு, 'முடிஞ்சுது, பஸ் ஏறப் போறேன்' என்று மட்டும் செய்தி அனுப்பினேன். சமாளித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் பதிவு செய்த எண் எதுவோ அதற்குத்தான் ரிப்போர்ட் தானாகப் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்தப் பெண் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

2.40க்கு, பேருந்து நிலையத்தில் மன்னார்குடி வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது அழைத்தாள்.

"அப்பா, வேற யாரோட ரிப்போர்ட்டையோ நமக்கு அனுப்பி வச்சிருக்காங்க. இடது கண்ணுல இரும்புத் துகள், எம்.ஆர்.ஐ. எடுக்கலன்னு போட்டுருக்கு. மாத்தி வேற ஸ்கேன எடுத்து அனுப்பிருக்காங்க! அந்தப் பொண்ணு பேரு என்னன்னு சொல்லுங்க. நான் இப்பவே மேனேஜர்கிட்ட பேசி ஒருவழி பண்றேன்."

பண்ணிவிடுவாள், என் மகளை எனக்குத் தெரியும். என் கண்ணைக் காப்பாற்றிய பெண்ணின் வேலைக்கு உலை வைத்துவிடுவாள். வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதம்மா. அது என்னோடதுதான்."

"எது?"

"அந்த இரும்பு. நான் ஸ்டோர்ல இல்லம்மா. ஒரு நாள்கூட இருந்ததில்ல. கிரைண்டர் புடிச்சேன்."

வண்டி ஹாரன் அடித்துக் கிளம்பிப் போய்விட்டது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். தரகர் சொன்னது, அம்மா கேட்ட கரப்பான்பூச்சி, அவளுக்கு அனுப்பிய, ஆபீஸ் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிற போட்டோ, எல்லாம். அந்த நாற்காலி, வருகைப் பதிவு எழுதுகிற டைம்கீப்பருடையது. போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் எழுந்து இடம் கொடுத்தான். கோபப்படுவாள், ஏன் மறைத்தீர்கள் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கண்ணுல பட்டப்ப கூட யாருப்பா இருந்தா?"

காலையிலிருந்து எல்லோரும் கேட்ட அதே கேள்வி. ஆட்டோக்காரருக்கும் வரவேற்பில் இருந்த பெண்ணுக்கும் சட்டென்று சொன்னேன். இவளுக்கு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னேன்.

"யாரும் இல்லம்மா."

அவள் அழுதாள். நானும்தான், ஐந்தாம் எண் நடைமேடையில், நிலக்கடலை விற்கிற பெண்மணி பார்க்கப் பார்க்க. 3.20 வண்டியைப் பிடித்து இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டேன்.

இனி போகிறவர்களுக்கு. ஸ்கேன் என்றதும் பட்டினி கிடக்காதீர்கள், எந்த ஸ்கேன், மருந்து ஏற்றுவார்களா என்று முன்னாடியே போனில் கேளுங்கள். சி.டி.க்கு மருந்து ஏற்றுவதாக இருந்தால் சில மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பார்கள், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடிவயிற்று அல்ட்ராசவுண்டுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் அங்கே போய்க் குடியுங்கள், மன்னார்குடியிலேயே குடித்துவிட்டு வடுவூர் வளைவுகளில் அவதிப்படாதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் எக்ஸ்ரே, சி.டி.க்கு முன் சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு நகை, ஊக்கு, தாயத்து எல்லாம் வீட்டிலேயே, அவிழ்க்கக் கை இருக்கும்போதே கழற்றிவிடுங்கள். பழைய ஆபரேஷன் சீட்டு, பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். வெளிநாட்டில் என்ன வேலை பார்த்தோமோ அதை உள்ளபடி சொல்லுங்கள். நம் ஊரில் சூப்பர்வைசர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், உங்களைத்தான் சொல்கிறேன்.

சி.டி.யில் கழுத்து எலும்பு இரண்டு இடத்தில் நெருங்கியிருக்கிறதாம். பிசியோதெரபி தொடங்கியிருக்கிறேன், பொத்தான் இப்போது மூன்று நிமிடத்தில் ஏறுகிறது. கண் ஆஸ்பத்திரிக்கு வருகிற செவ்வாய்க்கிழமை. அதற்கான படிவத்தைச் சுகன்யா இந்தத் தடவை நிரப்பாமல் அனுப்பி, 'நீங்களே எழுதுங்கப்பா' என்று போட்டிருந்தாள்.

எழுதினேன். தொழில் என்ற இடத்தில், கிரைண்டர், கப்பல் பட்டறை, பத்தொன்பது வருடம். மற்ற எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று. உடன் வருபவர் பெயர் என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.