த்ரிசலாவின் கை

என் பெரியப்பாவின் மகன் ஜினதாசன், திருவண்ணாமலையில் செங்கம் சாலை விடுதிகளுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுதுபார்த்துக் கொடுப்பவர். அவரைப் பற்றி நம் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு எழுதும்போது, அவருடைய தங்கை த்ரிசலாவை விட்டுவிட்டு எழுத முடியாது. பள்ளி நாட்களில் இருவரும் சேர்ந்தே படித்து, வீட்டிலிருந்தே வானொலி அலையில் செய்தி அனுப்பிப் பெறும் ஹாம் ரேடியோ உரிமத் தேர்வில் தேறினார்கள். மோர்ஸ் குறிகளைப் புள்ளி, கோடு என்று அவர்கள் சொன்னதில்லை; குறில், நெடில் என்பார்கள்.

த்ரிசலா, வந்தவாசிப் பக்கத்து விவசாயி சக்கரபாணியை விரும்பி மணந்தார். சக்கரபாணி சமணர் அல்லர். பெரியப்பா கோபத்தில் கத்தவில்லை. மகனை மட்டும் கூப்பிட்டு, "இனிமே அவளோட பேச மாட்டேன்னு சொல்லு" என்றார். ஜினதாசன் சொன்னார். எங்கள் சமண வீடுகளில் அப்படிக் கொடுத்த சொல் விரதத்துக்குச் சமம். வாங்கியவரே மனமிரங்கி விடுவிக்க வேண்டும். பெரியப்பா விடுவிக்காமலே காலமானார்.

ஆனால் திருமணமான அதே வாரத்தில், இருவரும் வழக்கமாகச் சந்திக்கும் அலைவரிசையில் த்ரிசலாவின் அழைப்பு வந்தது. ஜினதாசன் பதில் தட்டினார். தட்டுவது பேச்சாகாது என்பது அவர் முடிவு. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டி, அன்று முதல் தினமும் காலையில் உரையாடினார்கள்.

ஜினதாசனின் மனைவி தர்மதேவிக்கு இது தீராத வேடிக்கை.

"வாயால பேச மாட்டாராம், விரலால பேசுவாராம். மாமாவுக்குத் தெரிஞ்சிருந்தா விரலுக்கும் சேத்து சத்தியம் வாங்கியிருப்பாரு."

"நீ யார்கிட்டயும் சொல்லாம இரு, போதும்."

"ஊருக்கே தெரியும். மாடியில கம்பி கட்டிட்டு ரகசியமாம்!"

இப்படியே ஆண்டுகள் கடந்தன. தங்கையின் குரல் அவருக்கு மறந்தே போனது. கை மறக்கவில்லை. நெடிலைச் சற்றே நீட்டும் கை. சொல் முடியும் இடத்தில் ஒரு சிறு தயக்கம் காட்டும் கை. எத்தனை பேர் தட்டினாலும் அதைத் தனியே பிரித்தறிவார்.

பிறகு ஊரில் எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் பெருகின. அவற்றின் மின் இரைச்சலில் பழைய ரேடியோ திணறியது. பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதைக் கடைகளின் விளக்குகளும் ஜெனரேட்டர்களும் சேர்ந்துகொள்ளும். ஜினதாசன் மடிக்கணினியில் செருகும் விரலளவு ரிசீவர் ஒன்றை வாங்கினார். பழைய ரேடியோவில் அலைவரிசையைப் பிரித்தெடுக்கக் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் செய்த வேலையை இதில் மென்பொருள் செய்துவிடுகிறது. ஆன்டெனாவில் வந்து விழுவதெல்லாம் எண்களாக மாறித் திரையில் நீல அருவியாக இறங்கும். அதில் ஒரு மெல்லிய மஞ்சள் இழைதான் த்ரிசலா.

அந்த இழையை மட்டும் ஒரு குறுகிய வடிகட்டிக்குள் பிடித்து, அவர் ஒரு வரம்பு வைத்தார். அலையின் வலிமை வரம்புக்கு மேல் எழுந்தால் குறி இருக்கிறது. கீழே விழுந்தால் இல்லை. இருந்த நேரத்தை அளந்து, குறிலா நெடிலா என்று மென்பொருளே முடிவு செய்து எழுத்தாக்கிக் காட்டும். தட்டுபவரின் வேகம் குறைந்தால் தன் அளவுகோலையும் தளர்த்திக்கொள்ளும். கோணலான குறிலும் அதற்குக் குறில்தான். திரையில் அச்சடித்ததுபோல வரி வரும். இரைச்சலைக் கேட்கத் தேவையில்லை என்று ஜினதாசன் ஒலியை அடைத்துவிட்டார்.

"இப்பல்லாம் தங்கச்சி சத்தமே கேக்கலியே?" என்றார் தர்மதேவி.

"எழுத்தா வருது பாரு. ஒரு பிழை இல்ல."

"உங்களுக்கு என்ன, பேப்பர் படிக்கிற மாதிரி."

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, ‘மழை ஜாஸ்தி, கடலையெல்லாம்’ என்று வந்துகொண்டிருந்த வரி பாதியில் நின்றது. இரைச்சல் குறியை மூழ்கடித்துவிட்டது என்று எண்ணி, ஜினதாசன் வரம்பைக் கீழே இறக்கினார். இரைச்சலே எழுத்துகளாகக் கொட்டத் தொடங்கியது, ஒன்றும் சொல்லாகவில்லை. மீண்டும் ஏற்றினார். வடிகட்டியை இன்னும் குறுக்கினார். அங்கே இல்லாத குறியை அவர் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது.

"மச்சான், நான் சக்கரபாணி பேசறேன். த்ரிசலா விழுந்துட்டா. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சி. வேலூருக்குக் கொண்டுபோயிட்டு இருக்கோம்."

ஜினதாசன், தர்மதேவி, நான் மூவரும் வேலூர் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மூளையில ரத்த அடைப்பு. இது முதல் தடவை இல்லைங்க. கொஞ்ச நாளாவே சின்னச் சின்னதா வந்திருக்கு. கை தடுமாறுனது, பொருள் நழுவுனது, எதுவும் கவனிக்கலியா? அப்பவே வந்திருந்தா இதைத் தடுத்திருக்க நிறைய வழி இருந்துது."

"தினமும் அண்ணன்கூட தட்டிட்டுத்தான் இருந்தா," என்றார் சக்கரபாணி. "கை சரியில்லன்னா இவருக்குத் தெரிஞ்சிருக்குமே."



மாற்று உடை எடுக்க மறுநாள் எங்களோடு வீடு திரும்பிய ஜினதாசன், நேரே கணினியிடம் போனார். ஒவ்வொரு காலையும் வந்த அலைகளை மென்பொருள் அப்படியே சேமித்து வைத்திருந்தது. அடைத்திருந்த ஒலியைத் திறந்தார். மோர்ஸ் அறியாத எனக்கே கேட்டது. ஒரு நெடில் இழுபட்டது, அடுத்தது சுருங்கியது. குறில்கள் ஒன்றன்மேல் ஒன்று தடுக்கி விழுந்தன. சொல்லின் நடுவிலேயே கை நின்று, பின் வழி தேடிக்கொண்டு நகர்ந்தது. திரையிலோ அதே வரிகள், ஓர் எழுத்தும் பிசகாமல்.

"ஐப்பசிக்கு முன்னாடியே இப்படித்தான் தட்டியிருக்கா," என்றார். "இந்தக் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் நேராக்கி எனக்குக் காட்டியிருக்கு."

தர்மதேவி பையை அப்படியே கீழே வைத்துவிட்டு அவர் அருகில் உட்கார்ந்தார்.

மருத்துவமனைக்குத் திரும்பியதும் அதைச் சக்கரபாணியிடம் மறைக்காமல் சொன்னார். சக்கரபாணி நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தார். "பக்கத்துலயே இருந்தவன் நானு. எனக்கே தெரியல. விடுங்க மச்சான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று ஜினதாசன் பின்னர் என்னிடம் சொன்னார்.

த்ரிசலா கண்மூடிக் கிடந்தார். ஜினதாசன் குனிந்து, "த்ரிசலா, அண்ணன் வந்திருக்கேன்" என்றார். தந்தைக்குக் கொடுத்த சொல் அத்துடன் போயிற்று. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். இத்தனை ஆண்டுகளில் மாறிவிட்ட அந்தக் குரல் யாருடையது என்று த்ரிசலாவுக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

பிறகு, த்ரிசலாவின் அசையக்கூடிய இடது கையைத் தன் கையில் ஏந்தி, உள்ளங்கையில் விரலால் தட்டினார். தங்கையின் பெயரைத் தட்டினார். சற்றுப் பொறுத்து, த்ரிசலாவின் ஆள்காட்டி விரல் அசைந்தது.

"பதில் சொல்றா மச்சான்!" சக்கரபாணி கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொல்றா?"

"நரம்பு துடிக்குதுங்க. அப்பப்ப இப்படி வரும்," என்றார் செவிலியர்.

சக்கரபாணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க சொல்லுங்க மச்சான். உங்களுக்குத்தான் தெரியும்."

ஜினதாசன் மீண்டும் பெயரைத் தட்டினார். விரல் மீண்டும் அசைந்தது. முன்போல அல்ல, வேறுவிதமாக. எந்தத் துடிப்பையும் எழுத்தென்று கொண்டால் அவர் விரும்பிய சொல்லை அதில் படித்துவிடலாம். எதையும் ஏற்காவிட்டால், அங்கே தங்கையே இருந்தாலும் தவறவிட்டுவிடுவார். அண்ணா என்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரே நிற்பவர் ஆயுள் முழுதும் அதை வைத்துக்கொள்வார்.

"தெரியல மாப்ள," என்றார். "அவதானான்னு எனக்குத் தெரியல."

சக்கரபாணி கட்டிலைச் சுற்றி வந்து அவர் தோளில் கைவைத்தார்.

"பரவால்ல. நீங்க தட்டுங்க. நிறுத்தாதீங்க."

மாலையில் த்ரிசலாவின் மூச்சு அடங்கியது; அந்த விரல் அசைவதும் நின்றது. அதுவரை ஜினதாசன் தட்டிக்கொண்டே இருந்தார்.