ஊரார் முதுகும் என் முதுகும்

ஊரார் முதுகையெல்லாம் பிடித்துவிடுகிற கைக்குத் தன் முதுகு மட்டும் எட்டாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற தொழிலில் இதுதான் முதல் விசேஷம். முதுகு வலியோடு இதைப் படிக்கிற பங்காளிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எண்ணெய்ச் சட்டியோடு பாசிப் பாறையில் வழுக்கி விழுந்தவன் நான். சட்டி தப்பித்தது, இடுப்பு தப்பிக்கவில்லை. பல வருஷம் அந்த இடுப்போடுதான் பிழைப்பை ஓட்டினேன்.

குனிந்தேன், அவ்வளவுதான்

யுத்தம் முடிந்த வருஷத்துச் சாரல் சீசன். மதுரை நகைக்கடைக்காரர் ஒருவர் என் பாறையில் குப்புறப் படுத்திருந்தார். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். இழுத்த கை அவர் இடுப்பில் நின்றது. நானும் நின்றேன். குனிந்தவன் குனிந்தபடியே இருக்கிறேன், நிமிர முடியவில்லை! அவரோ, இது ஏதோ புதுப் பக்குவம் என்று நினைத்துக் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தவருக்கு விஷயம் புரிந்தது. நல்ல மனுஷர். எழுந்து, என்னைப் படுக்க வைத்து, என் சட்டி எண்ணெயையே எடுத்து என் இடுப்பில் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அருவிக்குப் போகிற ஜனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. மானம் போயிற்று. அவர் கேட்டார்: "ஏம்ப்பா, நாளைக்கும் நான்தான் உனக்குத் தேய்க்கணுமா?"

பாறைக்கு வந்த ஆபத்து

அருவிக்கரையில் எங்களுக்கு ஆளுக்கொரு பாறை உண்டு. பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு பாறையில் சீசனின் முதல் ஆளுக்கு எவன் எண்ணெய் தேய்த்து முடிக்கிறானோ, அந்தச் சீசன் முழுக்க அந்தப் பாறை அவனுக்கு. பாறை இல்லாதவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் பாயில் கிடந்த நாளெல்லாம் என் பாறையில் நின்றவன் என் மச்சினன் சுப்பையா. நின்று ருசி கண்டுவிட்டான். சீசன் முடிந்ததும் வீட்டுக்கு வந்து, ஆறுதல் சொல்கிற முகத்தோடு உட்கார்ந்து சொன்னான்: "அத்தான், அடுத்த சாரலுக்கு நீங்க நிம்மதியா வீட்டுல இரிங்க, பாறைய நான் பாத்துக்கிடுதேன்."

செம்பும் தூக்காதே

அப்போது ஊரே எனக்கு வைத்தியராகிவிட்டது. ஒருவர் மூலிகைப் பத்து போடச் சொன்னார், ஒருவர் மிளகுக் கஷாயம் என்றார். உண்மையான வைத்தியரோ ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் தூக்கவில்லை. இடுப்பு நாளுக்கு நாள் மோசமாயிற்று.

ராயகிரிக்காரர் ஒருவர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர், தென்காசியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டுக் கொல்லையில் ஓர் இரும்புத் தண்டும் அதில் மாட்டுகிற இரும்பு வட்டங்களும் வைத்துத் தினமும் கசரத்து செய்வார். ஒருநாள் அவர் காலுக்கு எண்ணெய் போடப் போனேன். நான் குனிகிற லட்சணத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "அண்ணாச்சி, முதுக வேலையே வாங்காம சும்மா வச்சிருக்கீரு, அது துருப்பிடிக்காம என்ன செய்யும்?" என்றார்.

மூச்சு பிடித்த கதை

மறுநாள் காலையில் அந்தக் கொல்லையில் நின்றேன். வட்டம் எதுவும் மாட்டாத வெறும் தண்டு. "இடுப்ப மடக்கும், முதுக மடக்காதீரும். இப்பம் மூச்சப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கும்" என்றார். அவ்வளவுதான், தண்டை விட்டுவிட்டு வாசல்வரை ஓடிவிட்டேன்.

பின்னே என்ன செய்வேன், சொல்லுங்கள். நாள் முழுக்க என்னிடம் வருகிறவன் எல்லாம் "அண்ணாச்சி, மூச்சுப் பிடிச்சிருக்கு" என்று முதுகைக் காட்டித்தான் வருவான். எங்கள் அகராதியில் மூச்சுப் பிடிப்பு என்றால் வியாதி. அதைத் தீர்த்துக்கொள்ள வந்தவனிடம் வலியப் பிடி என்றால்? ஹவில்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, மூச்ச நீரு பிடிச்சா வித்தை, மூச்சு உம்மப் பிடிச்சாத்தான் வியாதி!"

செல்லம்மாவின் சந்தேகம்

அதற்கப்புறம் தினமும் அந்தக் கொல்லைக்குப் போனேன். வீட்டிலும் எதை எடுத்தாலும் புட்டத்தைப் பின்னால் தள்ளி, நெஞ்சை நிமிர்த்தி, "இடுப்பு, இடுப்பு" என்று முனகிக்கொண்டே எடுப்பேன். விழுந்த துண்டைக்கூட அப்படித்தான். என் மனைவி செல்லம்மா, எனக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோய் ஆய்க்குடி முருகன் கோயிலில் திருநீறு வாங்கி வந்து நெற்றியில் அப்பினாள்.

மார்கழி முடிகிற சமயம் ஆட்டுரலை இடம் மாற்ற ஆள் தேடினாள். நான் உட்கார்ந்து, அணைத்து, தூக்கி மூலையில் வைத்தேன். வலிக்கவில்லை! கத்த வேண்டும் போலிருந்தது, அத்தனை சந்தோஷம். செல்லம்மா உரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பம் இத்தன வருசமா தண்ணிக் கொடத்த என்னையே தூக்க விட்டியளே, அது எந்த ஊரு வைத்தியம்?"

பாவூர்சத்திரத்துப் பெருமை

தலைக்கனம் வராமல் இருக்குமா? பங்குனியில் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனேன். சுமைக்காரர்கள் வெங்காய மூட்டையை வீசி ஏற்றுவதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. "விலகுங்கலே, நான் கசரத்து பண்ணுத ஆளு" என்று ஒரு மூட்டையை வெடுக்கென்று இழுத்தேன். பழைய இடத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு. மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாறை போச்சு என்றே தோன்றியது. ஹவில்தார் திட்டவில்லை, மறுபடி வெறும் தண்டிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். ஆனால் அன்றைக்கு வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு என்னை எழுப்பிய சுமைக்காரன் கேட்டதுதான் இன்றும் காதில் நிற்கிறது: "அண்ணாச்சி, நீரு கசரத்து பண்ணுத ஆளுன்னு மூட்டைக்குத் தெரியுமா?"

முதல் சாரல்

அடுத்த சாரல் எதிர்பார்த்ததற்கு முன்பே விழுந்துவிட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் என் பாறையில் சுப்பையா! முதல் ஆளைப் படுக்க வைத்து முதுகுக்கு எண்ணெயும் போட்டுவிட்டான். ஆள் செங்கோட்டைக் கொப்பரை வியாபாரி. மலை மாதிரி உடம்பு. எண்ணெய்ச் சுகத்தில் குறட்டை வேறு. தேய்த்து முடித்துவிட்டால் பாறை அவனுக்கு.

ஆனால் முதுகு மட்டும் தேய்த்தால் முடிந்ததாகுமா? நெஞ்சுக்கும் தேய்க்க ஆளைப் புரட்ட வேண்டும். சுப்பையா தோளைப் பிடித்தான், வழுக்கியது. காலைப் பிடித்தான், வழுக்கியது. பக்கத்துப் பாறைக்காரர்கள் சிரித்தார்கள். "தள்ளுலே" என்றேன். இடுப்பை மடக்கினேன், இரண்டு கையையும் அவருக்கு அடியில் கொடுத்து அணைத்துப் புரட்டினேன். தொட்டிலில் பிள்ளையைப் புரட்டுவதுபோலப் புரண்டார். என் முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை. நெஞ்சு, கை, கால் என்று நானே தேய்த்து முடித்தேன்.

விழித்துக்கொண்ட வியாபாரியிடம் சுப்பையா, "மொதலாளி, முதுகுக்குத் தேச்சது நான்தான், பாதிப் பாறையாவது எனக்குன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினான். செங்கோட்டைக்காரர்களுக்கு மலையாளம் பாதி நாக்கு. 'போதும்' என்பதற்கு 'மதி' என்பார்கள். அவர் என்னைக் கை காட்டிவிட்டு, அருவியைப் பார்த்து நடந்துகொண்டே, பாறைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வேண்டாம்டே, எனக்கு இந்த ஆளு மதி!"

ஆக பங்காளிகளே, முதுகு வலித்தவரை ஊரே எனக்கு வைத்தியம் சொன்னது, நிமிர்ந்த நாளிலிருந்து ஊரே என்னைக் கட்டில் பீரோ தூக்கக் கூப்பிடுகிறது.